பந்து சோறு போடுமா?

"உழைப்பே உயர்வு தரும்" என்று ஒவ்வொரு ஆண்டு மலரிலும் யாராவது ஒரு நண்பர் எழுதிவிடுகிறார். தவறில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு மாதனூர் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் வேன்களும் பஸ்களும் வரிசையாக வரும். டிபன் பாக்ஸோடு அக்காமார்கள் ஏறுவார்கள். எதிர்ப் பக்கத்தில் இரவு ஷிப்ட் முடித்த அண்ணன்மார்கள் கண் சிவந்து இறங்குவார்கள். எங்கள் பக்கத்தில் உழைக்காதவர் யார்? ஆகவே உழைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உழைக்கிறவன் கால் வைக்க ஒரு படிக்கட்டு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கால்பந்து. அதை வைத்தே பேசுகிறேன், நண்பர்களே!

நான் நமது பாலிடெக்னிக் அணியில் மூன்றாண்டுகளாக நடுக்களத்தில், அதாவது மிட்ஃபீல்டில் ஆடுகிறவன். கோல் அடிப்பவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். நடுவில் நிற்பவனுக்கு வசவுதான் கிடைக்கும்! ஆனாலும் பந்து யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்பவன் அவன்தான்.

அமெரிக்காவில் நடக்கும் கதை

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் அது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடும் ஆட்டம் அது. அதில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் எதிரணிக்காரன் மேலே வந்து விழுவான்! நம்முடைய மிட்ஃபீல்டர் வேலைதான், கொஞ்சம் அபாயம் அதிகம்.

அங்கே தொழில்முறை ஆட்டக்காரர் ஆக வேண்டுமென்றால் கல்லூரிதான் வாசல். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகே ஒருவர் என்.எஃப்.எல். அணிகளின் 'டிராஃப்ட்' தேர்வுக்குப் போக முடியும். (நம் டிப்ளமோவும் மூன்றாண்டுதான்!) மொத்தம் 32 அணிகள். ஏழு சுற்றுகளாக ஒவ்வோர் அணியும் கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி பின்னாளில் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்டவர் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி. கடைசியாக எடுக்கப்படுபவரை 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று கேலியாக அழைப்பது அங்கே ஒரு வழக்கம். அவருக்கு முன்னால் இருந்த இருவருக்கும் அடிபட்டதால் அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கு வாய்ப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அவர் சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலேயே ஆடினார்!

கடைசி ஆள் எப்படி மேலே வந்தார்? திறமை மட்டும் காரணமல்ல. கல்லூரியில் ஆடும்போதே வாராவாரம் அவர் ஆடியதை யாரோ பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். கடைசி ஆளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. நம்மிடம் இல்லாதது அந்தக் கணக்குதான்.

நம் ஊர்க் கதை

சரி, அமெரிக்காவை விடுவோம். தமிழ்நாட்டில் கல்லூரி அணியிலிருந்து மேலே போனவர் யாருமே இல்லையா? இருக்கிறார்.

சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். பிறந்தது 1995. சிறகுப் பகுதியில், அதாவது விங்கில் ஆடுபவர். அவர் பெயர் முதலில் வெளியே தெரிந்தது 'இந்துஸ்தான் ஈகிள்ஸ்' என்ற அணியில். அது ஒரு கல்வி நிறுவனத்தின் அணி. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த அணி கல்லூரிகளுக்கிடையே கோப்பைப் போட்டி ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சென்னை கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன் லீக்கில் ஆடியது. அந்த லீக்கில் எதிரே நிற்பவர்கள் யார் தெரியுமா? வங்கி, ரயில்வே, வருமானவரித் துறை அணிகளின் அனுபவசாலிகள்! இருபது வயதுப் பையன் அவர்களிடம் இடி வாங்கி எழுந்திருக்கும்போதுதான் ஆட்டக்காரன் ஆகிறான்.

2017இல் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் நந்தகுமார் ஆடினார். அப்போது அவருக்கு வயது 21. அதே ஆண்டு ஜூலை 23 அன்று மும்பையில் ஐ.எஸ்.எல். டிராஃப்ட் நடந்தது. அமெரிக்காவைப் பார்த்து நம்மவர்கள் கொண்டுவந்த முறைதான். அன்றைய பட்டியலில் கேரளத்தின் அனஸ் எடத்தொடிகாவுக்கு விலை 1.10 கோடி ரூபாய். நந்தகுமாரை டெல்லி டைனமோஸ் எடுத்தது. 2019இல் அந்த அணி புவனேஸ்வரத்துக்கு இடம் மாறி ஒடிஷா எஃப்.சி. ஆனது. இவரும் உடன் போனார். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஒடிஷா தன் முதல் கோப்பையான சூப்பர் கோப்பையை வென்றபோது அணியில் இவர் இருந்தார். அதே ஆண்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. இந்திய அணியின் சட்டையும் அந்த ஆண்டே கிடைத்தது.

12 ஆகஸ்ட் 2023. சால்ட் லேக் மைதானம். டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் அந்த எதிரியை வென்றதே இல்லை. 60ஆவது நிமிடம். வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் ஒரே ஒரு அடி... கோல்! 1-0. அந்த ஒரு கோலால் நம் தமிழ்ப் பையனைக் கொல்கத்தா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 2024 ஜனவரி 28 அன்று சூப்பர் கோப்பை இறுதியில் தன் பழைய அணியான ஒடிஷாவுக்கு எதிராகவே சமன் செய்யும் கோலை அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று வென்றது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த தேசியக் கோப்பை அது.

கிராமத்திலிருந்து போனவரும் உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டனூரின் சிவசக்தி நாராயணன். கொல்கத்தாவில் ஆடிய முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து, பெங்களூரு எஃப்.சி.க்குப் போய், 2022-23 ஐ.எஸ்.எல். போட்டியில் வளரும் வீரர் விருது பெற்றார். கன்னியாகுமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், பிறகு ஏ.டி.கே. அணியோடு 2019-20இல் சாம்பியன் ஆனார். ஆனால் அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கால் மணி நேரம்கூட முடியாத நிலையில், முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏறுகிறவர் கதையை மட்டும் சொன்னால் அது சினிமா!

இந்த மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்கூடு. ஒருவருக்குக் கல்லூரி அணி, ஒருவருக்குப் பயிற்சிப் பள்ளி, ஒருவருக்கு சொந்த மாநிலத்தின் ஐ-லீக் கிளப். ஆளுக்கொரு படி இருந்தது. இதில் மூன்றாவது படி இப்போது இல்லை. 2018-19இல் கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆன அதே சென்னை சிட்டி, 2020-21க்குப் பிறகு அந்த லீக்கில் இடம் பெறவில்லை.

நம் பக்கத்துப் படிக்கட்டு

இப்போது நம் பாலாற்றங்கரைக்கு வருவோம்.

எங்கள் மைதானம் பாலாற்று மணல்தான். மணலில் ஓடினால் தொடைக்கு நல்ல பலம். ஆனால் பந்து உருளாது. ஆகவே எங்கள் பையன்கள் எல்லாரும் பந்தைத் தூக்கி ஆடப் பழகியவர்கள். புல்தரைக்குப் போனால் திணறுவார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஆறு கரைபுரண்டு ஓடியபோது அந்த இடமும் பள்ளமும் மேடுமாகப் போனது. மறுபடி சமப்படுத்தி, சவுக்குக் கம்பு நட்டு கோல் போஸ்ட் வைத்தோம்.

இன்னொரு வேடிக்கை. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்ப் பக்கம் இது. எங்கள் டீமில் பாதிப் பேருக்கு ஸ்டட்ஸ் கிடையாது! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற கதையைக் கேட்டு எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பந்தாவது தோலில் இருந்தது. 1986 உலகக் கோப்பைக்கு வந்த 'அஸ்டெகா' பந்திலிருந்து அதுவும் செயற்கைப் பொருளாகிவிட்டது. தோலுக்கும் பந்துக்கும் இருந்த உறவு அறுந்துபோயிற்று. எங்கள் ஊருக்கும் பந்துக்கும் உள்ள உறவு மட்டும் அறுக்கவில்லை.

நம் அணியில் எனக்கு முன்பு கேப்டனாக இருந்த அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குக் கூச்சம். என்னைவிட இரண்டு மடங்கு நல்ல ஆட்டக்காரர் என்றால் அது மிகையாகாது. இடது கால், வலது கால் இரண்டிலும் அடிப்பார். சென்னையில் ஒரு தேர்வு முகாமுக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். விடியற்காலை ரயில் பிடித்துப் போய், வெயிலில் வரிசையில் நின்றோம். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் பாரத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த லீக்ல ஆடியிருக்க தம்பி?"

அண்ணன் பாலிடெக்னிக் போட்டிகளைச் சொன்னார். ஊர் செவன்ஸ் டோர்னமெண்டுகளைச் சொன்னார்.

"அதில்லப்பா, லீக்... லீக்."

அண்ணனிடம் பதில் இல்லை. இருபது நிமிடம் ஆட விட்டார்கள். நன்றாகத்தான் ஆடினார். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இப்போது அவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறார்.

மேஜையில் இருந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆயிரம் பேர் வரும் இடத்தில் அவரும் ஏதாவது ஒரு கணக்கைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? நம்மிடம் காட்ட அந்தக் கணக்கு இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் பாலிடெக்னிக் மாணவன் ஆட முடியாது. நாம் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவர்கள் அல்ல. நமக்கு நாமே நடத்திக்கொள்ளும் பாலிடெக்னிக் போட்டிகளோடு நம் கதை முடிகிறது. தோற்றால் அன்றே வீட்டுக்கு! ஆண்டுக்கு மூன்று ஆட்டமோ நான்கு ஆட்டமோ ஆடுகிறவன், வாராவாரம் லீக் ஆடுகிறவனோடு எப்படிப் போட்டி போடுவான்?

நைனா கேட்ட கேள்வி

இது எனக்கும் கடைசி ஆண்டு. ஆறாவது செமஸ்டர். கேம்பஸில் ஒரு கம்பெனி மெயின்டனன்ஸ் பிரிவுக்கு ஆள் எடுத்தது. என் பெயரும் வந்தது. வீட்டில் அன்று பாயசம்! ஆனால் எனக்கோ டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாமாண்டு பி.இ. சேர்ந்து, லீக்கில் ஆடும் அணி உள்ள கல்லூரி ஒன்றில் இடம் பிடிக்க வேண்டும் என்று ஆசை. அங்கே போனால் பல்கலைக்கழகப் போட்டியும் ஆடலாம்.

என் நைனா முப்பதாண்டுக்கு மேலாக டேனரியில் டிரம் வேலை பார்ப்பவர். தோல், சுண்ணாம்பு, உப்பு, குரோம் என்று கையெல்லாம் வெடித்திருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"பந்து சோறு போடுமாடா?" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு காலத்தில் பந்து நிஜமாகவே சோறு போட்டது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்தாலும் வேலை இருக்கும், பென்ஷன் இருக்கும். 1996-97இல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அணியே நம் மாநிலத்திலிருந்து போய் ஆடியது. இப்போது பணம் அதிகம், ஆனால் ஒப்பந்தம்தான். ஒரு வருஷம், இரண்டு வருஷம். முட்டி போனால் போச்சு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் அணியும் வேலைகளை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு முடியும் வரை போட்டி தொடங்கவே இல்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, "போடும் நைனா. ஆனா எத்தினி நாளைக்குன்னு சொல்ல முடியாது" என்றேன்.

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். நைனா சிரித்தார்.

"தோலு மட்டும் எத்தினி நாளைக்குப் போடும்னு எவன்டா எழுதிக் குடுத்தான்? நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தொண்ணூத்தாறுல, சுப்ரீம் கோர்ட்டு ஆர்டர் போட்டுச்சி. சுத்திகரிப்பு இல்லாத டேனரிய மூடுன்னு. அன்னிக்கி ஊரே நடுங்கிச்சி. போன வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் அம்பது பர்சென்ட் வரி போட்டான். ஆர்டர் கொறஞ்சி ஓவர்டைம் நின்னுச்சா இல்லியா? ஒடம்ப வச்சிப் பொழைக்கிற தொழில் எல்லாமே அப்பிடித்தான். உன் முட்டி மாதிரிதான் என் கையும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி பேசினார். "ஆனா ஒன்னு. நான் சேரும்போது கையில ஒரு காகிதம் கூட இல்ல. நீ டிப்ளமோவ அரியர் இல்லாம முடி. காகிதம் கையில இருக்கட்டும். அப்பறம் மூணு வருஷம் ஆடு. ஆவலன்னா இன்னா, மெஷினு எங்க போவுது?"

அம்மா மட்டும் "கம்பெனிக்காரன் மறுபடி கூப்பிடுவானா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. கூப்பிடாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த முடிவு.

பேரவைக்கு மூன்று கோரிக்கைகள்

எனக்கு வயது 19. நந்தகுமார் ஐ-லீக்குக்கு வந்தது 21இல். நான் நந்தகுமார் ஆவேன் என்று மார்தட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. ஆகாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று கணக்குத் தெரிந்தவன் எவனும் சொல்வான். ஆனால் எனக்குப் பின்னால் வரும் தம்பிகளிடம் யாராவது "எந்த லீக்ல ஆடியிருக்க?" என்று கேட்டால், அவர்களுக்கு ஒரு பதில் இருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் பணிவான மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: நம் அணியை மாவட்டக் கால்பந்து லீக்கில் பதிவு செய்ய வேண்டும். கடைசி டிவிஷனாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து ஆட்டம் தோற்றாலும் அது பத்து ஆட்டம்! வேலைக்குப் போகும் பெரியவர்களோடு மோதிப் பழக வேண்டும்.

இரண்டு: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நோட்டு. யார் எத்தனை நிமிடம் ஆடினார், யார் கோல் அடித்தார், யார் கோலுக்குப் பந்து கொடுத்தார் என்று தேதியோடு எழுத வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு எழுதுகிறோம் அல்லவா, அது போலத்தான். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆட்டத்தை முழுதாகப் படம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. கோலை மட்டும் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பதால் பயனில்லை.

மூன்று: ஆண்டு விழா மேடைச் செலவில் ஒரு சிறு பகுதியை ஸ்டட்ஸுக்கும் ஷின் கார்டுக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்க வேண்டும். மைக் செட்டின் சத்தம் கொஞ்சம் குறைந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்!

இதையெல்லாம் யார் முன்னின்று செய்வது என்று கேட்பீர்கள். நான் ஒருவரிடம் பேசிவிட்டேன். சென்னை முகாமிலிருந்து பதில் வராத அந்தப் பழைய கேப்டன் அண்ணன்தான். "பகல் ஷிப்ட் இருக்கற வாரம், செவ்வாயும் வெள்ளியும் சாயந்தரம் அஞ்சரைக்கு வர்றேன். காசு வேணாம். பசங்கள நேரத்துக்கு வரச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார்.

முதலாமாண்டுத் தம்பிகளே, அஞ்சரை என்றால் அஞ்சரை. லேட்டாக வருகிறவர்களை அவர் ஆத்து மணலில் பத்து ரவுண்டு ஓட விடுவார். நான் ஓடியிருக்கிறேன்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை